குற்றாலத்துக் கண்ணாடி அடுப்பு

குற்றாலத்தில் ஒரு வீட்டின் கூடத்துக்குள்ளேயே குளிர்காய அடுப்பு இருந்தது, அதற்குக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தது என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். என் வயதுக்காரர்கள் நீங்கள். சாரல் பிடித்த ஆனி, ஆடியில் அங்கே ஒரு மாதமாவது குடியிருந்து பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும். உப்பு ஜாடியில் உப்பு இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். காலையில் துவைத்துப் போட்ட பாவாடை மறுவாரம் வரை ஈரமாகவே கொடியில் தொங்கி, ஒருவித நாற்றம் பிடித்துக்கொள்ளும். தீக்குச்சி உரசினால் மருந்து கூழாக வழியும். அம்மா தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருப்பாள்.

ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்த காலம் அது. அப்பா தென்காசியில் ஒரு பண்ணையாரிடம் காரியம் பார்த்துவந்தார். பண்ணையார் அந்த வருஷம் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு பழைய பங்களாவை வாங்கினார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டியது. சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடுவதாகத் திட்டம். பார்த்துக்கொள்ள அப்பாவை அனுப்பினார். அப்பாவோடு அம்மா, அக்கா, நான். எனக்குப் பத்து வயதிருக்கும். பள்ளிக்கூடம் இலஞ்சியில். மழையைச் சாக்கு வைத்துப் பாதி நாள் போகவில்லை.

அக்கா பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்தான். எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிடுவாள். ஒரு கை மட்டும் தைத்த ஜாக்கெட், பாதிப் பூ போட்ட தலையணை உறை, இரண்டு வரியோடு நின்றுபோன கோலம் எல்லாவற்றுக்கும் அவள் பெயர்தான். அப்பாவுக்கு அது பெரிய வருத்தம். பண்ணையார் வீட்டுச் சொத்தில் ஒரு கரண்டி குறைந்தாலும் தூக்கம் வராத மனிதர் அவர்.

பங்களாவின் கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கருங்கல் பதித்த ஒரு மாடம் இருந்தது. அதற்கு இரும்புச் சட்டம், இரண்டு கண்ணாடிக் கதவுகள், பித்தளைக் குமிழ்கள். நாங்கள் பார்த்த மாத்திரத்திலேயே அது துரை வீட்டு அலமாரி என்று முடிவு செய்துவிட்டோம். துரைகள் பீங்கான் சாமான்களை ஊர் பார்க்க அடுக்கி வைப்பார்கள் என்று அப்பா விளக்கமும் சொன்னார். அம்மா அதைத் துடைத்து, தன்னுடைய ஊறுகாய் ஜாடிகளை வரிசையாக வைத்தாள். நார்த்தங்காய், எலுமிச்சை, மாங்காய். கூடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் ஜாடிகள் எல்லாம் கறுப்பாக நின்றன. மேலேயிருந்து மை மாதிரி ஒரு தண்ணீர் வழிந்து, துணி கட்டிய வாய் வழியாக உள்ளே இறங்கி, அம்மாவின் ஒரு வருஷத்து ஊறுகாயையும் கெடுத்திருந்தது. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா மட்டும் ஜாடிகளை நகர்த்திவிட்டு மாடத்துக்குள் தலையை நுழைத்து மேலே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். வெளியே வந்தபோது மூக்கு நுனியில் கரி. என் காதில் மட்டும் சொன்னாள்: "ஏட்டி, இது அலமாரி இல்ல. அடுப்பு. மேல வானம் தெரியுது."

என் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல செய்திகள் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்குக் குதித்ததுபோல் எதற்கும் குதித்ததில்லை.

அப்பா வாடகைக்காரர்களை அழைத்துவர ரயிலடிக்குப் போயிருந்த ஒரு நாளில் முதன்முதலாக மூட்டினோம். கூடம் முழுக்கப் புகை. இருமி இருமிக் கண் சிவந்து வெளியே ஓடினோம். அம்மா தன் பங்குக்கு வந்து பார்த்துவிட்டு, புகைக்கு வழி இல்லையென்றால் அது நம்மிடம்தானே வரும் என்றாள். அக்கா மறுபடியும் உள்ளே தலையை விட்டாள். புகைபோக்கியின் தொண்டையில் ஒரு தகடு. அதை இழுக்க ஒரு இரும்புக் கைப்பிடி. துருவேறிக் கிடந்தது. விளக்கெண்ணெய் விட்டு, இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். தகடு திறந்தது. கூடவே ஒரு பழைய பறவைக் கூடு, இறகு, ஒரு படி கரித்தூள் எல்லாம் எங்கள் தலையில் கொட்டியது. அம்மாவால் கோபப்பட முடியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த தடவை தீ நின்று எரிந்தது. கதவைச் சாத்தியதும் சட்டத்தின் அடியிலிருந்த சிறு துவாரங்கள் வழியாகக் காற்று உறிஞ்சப்படும் சத்தம் கேட்டது, யாரோ சூடான காப்பியை உறிஞ்சிக் குடிப்பது மாதிரி. கண்ணாடிக்குப் பின்னால் தீ ஆடியது. வீட்டில் அடுப்புத் தீயை நாம் குனிந்து ஊதித்தான் பார்த்திருக்கிறோம். உட்கார்ந்து எதிரே வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். புறங்கையில், முட்டியில், கன்னத்தில் உலர்ந்த சூடு வந்து படிந்தது. அம்மா ஈரத் துணிகளை நாற்காலிகள் மேல் விரித்தாள். அவற்றிலிருந்து ஆவி எழும்பியது. ஒரே பிற்பகலில் உலர்ந்த பாவாடையைக் கட்டிக்கொண்டு நான் வீடெல்லாம் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். ஈர விறகு போட்டால் சீறும், நுரை தள்ளும், கண்ணாடியைக் கறுப்பாக்கிவிடும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தால் காய்ந்தது கணீரென்னும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். மரம் அறுக்கிற மில்லிலிருந்து வந்த தேக்குச் சிராய் சட்டென்று பற்றும், சட்டென்று போய்விடும். நின்று எரிவதற்குக் கருவேலம். பலாக் கட்டை எரிந்தால் கூடமே மணக்கும். சாம்பலை முழுக்க அள்ளிவிடக் கூடாது. அடியில் மெத்தை மாதிரி கொஞ்சம் விட்டால் கங்கு காலைவரை கண் மூடாமல் இருக்கும். அடுப்போரத்தில் இன்றைக்கு எரிப்பதை எடுத்த இடத்தில் நாளைக்கு எரிப்பதை அடுக்கினால் அடுப்பே தனக்கு வேண்டியதைக் காயவைத்துக்கொள்ளும். கறுத்த கண்ணாடியைத் துடைக்க, நனைத்த செய்தித்தாளைச் சலித்த சாம்பலில் தொட்டுத் தேய்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது மட்டும் தண்ணீர் படக் கூடாது. இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. அக்கா செய்து பார்த்தாள், கெடுத்தாள், மறுபடி செய்தாள். அவள் பாதியில் எழுந்து போகவில்லை என்பதை அந்த நாட்களில் நான்கூடக் கவனிக்கவில்லை.

அப்பாவுக்குத் தெரியாமல் எவ்வளவு நாள் ஓடியிருக்கும்? ஒரு நாள் அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வாசலிலிருந்து பார்த்தவருக்குக் கூடத்துச் சுவரில் தீப்பிடித்திருப்பதாகத் தோன்றியிருக்க வேண்டும். முற்றத்து வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிமேல் வீசிவிட்டார். சடீரென்று ஒரு சத்தம். வலது பக்கக் கண்ணாடியில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரு விரிசல் ஓடியது.

அப்பா அந்த விரிசலை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, குடும்பம் குடியிருக்கிற வீட்டுக்குள் இப்படி ஒரு ஆபத்து இருக்கக் கூடாது, கொத்தனாரை வரவழைத்துச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும் என்றார். உடைத்தது தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அடுப்பின்மேல்தான் கோபம். வாரக் கடைசிக்குள் செங்கல்லும் மணலும் வந்து அடுப்பின் முன்னால் இறங்கின. கொத்தனார் செங்கல்லை அடுக்கி வைத்துவிட்டு, மழை விட்டதும் வந்து கட்டுவதாகச் சொல்லிப் போனார். அக்கா சாப்பிடாமல் படுத்தாள். இந்த அடுப்பையும் பாதியில் விட்டாயிற்று என்று அம்மா, வேறு ஏதோ நினைப்பில், வழக்கம்போலச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் புளியங்குடியிலிருந்து கமிஷன்கடை அண்ணாச்சி தன் மனைவியோடு வந்து இறங்கினார். எலுமிச்சை ஏலக் கடைக்காரர். சிரித்த முகம். அவருடைய மனைவியை நாங்கள் மதினி என்று கூப்பிட்டோம். அக்காவைவிட இரண்டு, மூன்று வயதுதான் கூட இருக்கும். நிறைமாதம் ஆவதற்கு இன்னும் நாள் இருந்தது. செங்கோட்டையில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குக் கூட்டிப்போகிற வழியில், அருவியைத் தூரத்திலிருந்தாவது ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பிள்ளை பிறந்துவிட்டால் எப்போது வருவது என்று அண்ணாச்சியும் இணங்கிவிட்டார். இரண்டு வீட்டுக்கும் தெரியாது.

வந்த மறுநாள் சாரல் போய்ப் புயல்மழை வந்தது. அருவியின் ஓசை வீட்டுக்குள்ளேயே கேட்டது. மரங்கள் முறிகிற சத்தம் அதற்கு மேலே. பஸ் நின்றுவிட்டது. விடிந்து கொஞ்ச நேரத்தில் மதினிக்கு வலி எடுத்தது.

ஆஸ்பத்திரி நர்சம்மாவை அழைத்துவர அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போனார். காசிமேஜர்புரம் பக்கம் ஒரு பெரிய மருதமரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்ததாம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளைகளுக்குள் நுழைந்து ஏறிப் போயிருக்கிறார். நர்சம்மாவோடு திரும்பிவரும்போது மத்தியானம். நர்சம்மாவும் அந்த மரத்தில் ஏறி இறங்கித்தான் வந்தார். வெள்ளைச் சேலை முழுக்கச் சேறு. பை மட்டும் தலைமேல் சேறு படாமல் இருந்தது. அதற்குள் அம்மாவும் பக்கத்துப் பழக்கடைக்காரம்மாவும் சேர்ந்து பிள்ளையை வாங்கிவிட்டார்கள்.

ஆண் குழந்தை. எட்டிப் பார்த்தேன். அது குழந்தை மாதிரியே இல்லை. உரித்த நுங்கு போலத் தோல், நரம்பு தெரிந்தது. அழவில்லை. பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் மட்டும்.

மதினி படுத்திருந்த அறையில் அம்மா வழக்கப்படி கரிச்சட்டியில் நெருப்புப் போட்டு, ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தாள். நர்சம்மா உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார். முதல் வேலையாகச் சட்டியை வெளியே எடுக்கச் சொன்னார். மூடிய அறையில் கரி நெருப்பு தாயையும் பிள்ளையையும் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும் என்றார். பிள்ளையைப் பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் போத்தல் வைத்தார். அந்த ஈரத்தில் போத்தல்கள் வைக்க வைக்க ஆறின. பிள்ளையின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

தென்காசிக்குத் தூக்கிப் போக முடியாதா என்று அண்ணாச்சி கேட்டார். பிள்ளையின் உயிர் போக இந்த மழையில் வாசல் தாண்டினாலே போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார் நர்சம்மா. பிறகு எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்: "ரூம் சூடா இருக்கணும். ஈரம் இருக்கப்படாது, புகை இருக்கப்படாது. சூடு ஒரே சீரா நிக்கணும். அப்படி எடம் ஏதும் இருக்கா இங்கன?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நேரே போய்க் குனிந்து, கொத்தனார் அடுக்கியிருந்த செங்கற்களை இரண்டு இரண்டாக எடுத்து வாசலில் வீச ஆரம்பித்தார். நானும் ஓடி மணலை வாரினேன். வழி தெரிந்ததும் அவர் நிமிர்ந்து அக்காவிடம் கேட்டார்.

"ஏட்டி, ஒனக்கு இத ஒழுங்கா எரிய வைக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"நடுவுல விட்டுட்டு எந்திச்சிப் போயிருவியா?"

"போமாட்டேன்ப்பா."

நான் விறகு எடுக்க ஓடினேன். பயமா, சந்தோஷமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மதினியின் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா முதலில் ஒரு காகிதச் சுருளைக் கொளுத்திப் புகைபோக்கிக்குள் தூக்கிப் பிடித்தாள், குளிர்ந்து கிடந்த தொண்டை சூடேறட்டும் என்று. பிறகு சிராய், பிறகு சுள்ளி, பிறகு கருவேலம். ஒரு இழை புகை வெளியே வரவில்லை. விரிசல் விட்ட வலது பக்கம் தீ நாக்கு படாதபடி கட்டைகளை எல்லாம் இடது ஓரமாகவே வைத்தாள். சாயங்காலத்துக்குள் கூடத்துச் சுவர்களில் பூத்திருந்த ஈரம் பின்வாங்கியது. நர்சம்மா பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதல் தடவையாக உட்கார்ந்தார். காப்பி கேட்டார்.

அன்றிலிருந்து கூடமே எங்களுக்கு உலகம். அம்மா மதினியின் பாலைப் பீய்ச்சி, பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிள்ளையின் உதட்டில் விடுவாள். நர்சம்மா மரத்தைத் தாண்டித் தாண்டி வந்துபோனார். நான் விறகு தட்டிப் பார்த்துத் தேறியதைக் கொண்டுவந்து கொடுப்பேன். அக்கா அடுப்பின் முன்னால் கோரைப்பாயில். அங்கேயே சாப்பாடு, அங்கேயே கோழித்தூக்கம். இடையிடையே எழுந்து, நர்சம்மா செய்வதுபோலப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, காற்று வரும் அடித் துவாரங்களை ஒரு விரற்கடை மூடுவாள் அல்லது திறப்பாள்.

ஒரு சமயம் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. கண்ணாடி சூட்டை மறிக்கிறது என்று நினைத்து, கதவு இரண்டையும் விரியத் திறந்துவிட்டார். காற்று திரும்பிப் புகை ஒரு பந்தாகக் கூடத்துக்குள் வந்தது. அக்கா பாய்ந்து கதவைச் சாத்தினாள். ஆண்கள் முன்னால் நிமிர்ந்து பேசாதவள், அவரை நேராகப் பார்த்து, "அண்ணாச்சி, இனிம இத நீங்க தொடாதிய" என்றாள். சந்தையில் நூறு பேரை அதட்டி ஏலம் போடுகிற மனிதர், சரி தாயி என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

மழை விடவில்லை. காய்ந்த விறகு குறைந்தது. வெளியே இருந்ததெல்லாம் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்திருந்தது. நான் வெறுங்கையோடு வந்து நின்றதை அப்பா பார்த்தார். எழுந்து சாமான் அறைக்குப் போனார். அங்கே துரை விட்டுப்போன ஒரு பெரிய பலாமரக் கட்டில் கிடந்தது. பண்ணையாருக்கு அதன்மேல் ஒரு கண். தென்காசி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கோடாலிச் சத்தம் கேட்டது. அம்மா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அப்பா கட்டில் காலைப் பிளந்து, மார்போடு அணைத்துக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். தட்டிப் பார்த்தாள். வெண்கல மணி மாதிரி ஒலித்தது.

அந்தக் கட்டில் எரிந்துகொண்டிருந்தபோதுதான் விரிசல் கண்ணாடி விழுந்தது. ஒரு கட்டை சரிந்து கதவில் மோதியது. முக்கோணமாக ஒரு துண்டு பெயர்ந்து தரையில் சிதறியது. பின்னாலேயே கங்குகள் உருண்டு வந்தன. மதினியின் கட்டிலிலிருந்து தொங்கிய போர்வைக்கும் கங்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அக்கா கொக்கிக் கம்பியால் இழுத்தாள், போதாமல் உள்ளங்கையாலேயே தள்ளினாள். அப்பா சாக்கு ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு, சுவரோரம் இருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து ஓட்டையின்மேல் அழுத்திப் பிடித்தார். தாம்பாளம் சூடேற ஏற அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கையை எடுக்கவில்லை. நிதானமாக என்னிடம் சொன்னார்: "வாசல்ல போர்டு தொங்குதுல்லா, அதக் கழத்திட்டு வா. ஓடு."

பண்ணையார் ஆசையாக எழுதவைத்த தகரப் போர்டு. மழையில் ஸ்டூல் போட்டு ஏறி, ஆணியோடு பிய்த்துக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி அதை மடக்கி மிதித்துத் துண்டாக்கினார். கம்பி வைத்துக் கட்டினோம். புகை நின்றது. அதன்பிறகு எங்கள் அடுப்பில் ஒரு பாதியில் தீ தெரிந்தது; மறுபாதியில் 'வாடகைக்கு' என்று எழுதியிருந்தது. மதினி படுத்தபடியே அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம். அந்தச் சத்தத்துக்கோ என்னவோ பிள்ளை அழுதது. முனகல் இல்லை, அழுகை, கூடம் நிறைய. நர்சம்மா இருந்தால் கேட்டிருப்பாரே என்று அம்மாவுக்கு அப்படி ஒரு ஆதங்கம்.

மரத்தை அறுத்து வழிவிட்டதும் முதலில் வந்தது பண்ணையாரின் கார். போர்டு இல்லாத வாசல், உள்ளே சாமான் அறையில் கட்டிலின் வெறும் தலைப்பலகை, கூடத்தில் தகரம் கட்டிய அடுப்பு. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். அப்பா சாக்குச் சுற்றிய கைக்கு இப்போது துணி சுற்றிக்கொண்டு நின்றார். கட்டிலை யார் உடைத்தது என்ற கேள்விக்கு, நான்தான் என்றார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்; பின்னால் அம்மாவிடம் சொன்னார். பண்ணையார் பிள்ளையை எட்டிப் பார்த்தார். பிறகு அடுப்பை. "இது அலமாரி இல்லையா வே?" என்று கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தவர், கொண்டுவைத்த காப்பி ஆறி ஏடு படிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை; கட்டிலைப் பற்றி மறுபடி கேட்கவும் இல்லை.

நர்சம்மா அக்காவைத் தன்னோடு வேலை பழக அனுப்பச் சொல்லிக் கேட்டார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி வேலை வேண்டாம் என்று அப்பா அப்போது மறுத்துவிட்டார். அவரை மனம் மாற்ற இரண்டு வருஷம் ஆயிற்று. அக்கா போனாள், தலைமை நர்ஸாகத்தான் ஓய்வு பெற்றாள். இருந்தாலும் அந்த இரண்டு வருஷம் வீட்டில் அவள் தைத்துப் பாதியில் விட்டவை அலமாரி கொள்ளாது. பிடித்த வேலை கிடைக்காத ஒருத்தியைத்தான் நாங்கள் எதையும் பாதியில் விடுகிறவள் என்று சொல்லிவந்திருக்கிறோம்.

வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் செங்கோட்டையிலிருந்து மதினியின் அம்மாவும் அண்ணன்மாரும் வந்து அவர்களை அழைத்துப்போனார்கள். வண்டியில் ஏறுமுன் மதினி பிள்ளையை அக்காவின் மடியில் வைத்தாள். நான் குனிந்து முகர்ந்தேன். பால் மணத்தோடு பலாக்கட்டைப் புகையின் மணம் அதன் உச்சந்தலையில் இருந்தது. அக்கா பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். கதகதப்பாக இருக்கிறதென்று மதினியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

வண்டி போனபின் கூடம் பெரிதாகத் தெரிந்தது. மதினியின் கட்டிலை எடுத்த இடம் வெறுமையாகக் கிடந்தது. இனி யாருக்காக எரிக்க வேண்டும்? அக்கா கம்பியைச் சுவரில் சாத்திவிட்டு எழுந்தாள். நானும் எழுந்தேன். அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியின் நல்ல பாதி வழியாகத் தணிந்துவரும் கங்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அடுக்களைப் பக்கம் போகிறபோது, திரும்பாமலே சொன்னார்:

"ஏட்டி, எங்க போறிய ரெண்டு பேரும்? ஒரு கட்டை எடுத்துப் போடுங்க. அவிஞ்சிரப் போவுது."